சூளையில் நீறாத கல்

பல்கலைக்கழகத்தில் கல்லைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அந்த வாயால்தான் என் கல்யாணப் பேச்சே ஆட்டம் கண்டது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. நானோ உம்மாவுக்கு ஒரே மகன். ஒரு மாதத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, கடலைத் தாண்டித் திருகோணமலைக்கே திரும்பிவிடுவேன் என்று பெண்ணின் வாப்பாவுக்குப் பயம். ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அவர் கிண்ணியாவில் முருகைக்கல் என்கிற பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு விற்பவர். நான் அவரைப் பார்க்கப் போன அன்று சூளையடியில் ஒரு கல் கிடந்தது. எந்தக் காலத்துக் கப்பலோ பாரத்துக்கு ஏற்றிவந்து துறைமுகத்தில் கொட்டியது. கரும்பச்சைக் கல், நடுவே வெளிறிய பட்டை.

"இந்தப் பட்டையில சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கு, மாமா" என்றேன்.

சுண்ணாம்புக்காரரிடம் சொல்லக்கூடிய கதையா அது? பட்டையை உடைத்தெடுத்து முருகைக்கல்லோடு சூளையில் போட்டுவிட்டார். சுட்டு முடிந்ததும் எனக்கு ஆள் அனுப்பினார். தண்ணீர் தெளித்தபோது முருகைக்கல் சீறி, பொங்கி, நீறி மாவானது. என் கல் அசையவே இல்லை. வேலையாட்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பாதி, கோபம் பாதி.

"உங்கட படிப்பு நீறல்லையே, மகன்."

"அது சுண்ணாம்புக்கல் இல்ல, மாமா. பூமிக்கடியில இருந்த ஒரு கல்லுக்குள்ள தண்ணி போய், அது இந்தப் பச்சைக் கல்லா மாறிச்சு. பச்சைக் கல்லுக்குள்ள கல்சியத்துக்கு, அதான் சுண்ணாம்புச் சத்துக்கு, இடமில்ல. அது தண்ணியோட வெளிக்கிட்டு, நடுவில கிடந்த வேற கல்லுக்குள்ள குடியேறி, அந்தக் கல்லையே மாத்திப்போட்டுது. இப்ப அது மணல்ல இருக்கிற சத்தோட சேர்ந்து இறுகிட்டு. உங்கட சூளை நெருப்பால பிரிக்க ஏலாது."

அவர் கல்லைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"பொறந்த ஊட்ட உட்டு வந்த கல்சியம், என்ன?"

"ஓம், மாமா."

"திரும்பிப் போகாதா?"

"போகாது."

கேள்வி கல்லைப் பற்றியதல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கல்லைக் கீழே வைத்தார்.

"அப்ப நாள் பாக்கச் சொல்லுங்க, உங்கட உம்மாட்ட."

சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடம் சொன்ன அந்த 'போகாது' என்ற சொல்லை உம்மாவிடமும் சொல்ல வேண்டும் என்பது, பாதை நடுக்கடலுக்கு வந்தபோதுதான் உறைத்தது.