ஜெயிக்கிறவருக்குக் கட்டிய மாலை

குஸ்தியில் எல்லாம் முன்னாலேயே பேசி வைத்துத்தான் நடக்கிறது என்று வந்து சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அது தெரியாமலா உட்கார்ந்து பார்க்கிறோம்? கல்யாணத்தில்கூடத்தான் எல்லாம் முன்னாலேயே பேசி வைத்து நடக்கிறது. அதற்காகத் தாலி கட்டுகிற நேரத்தில் எவனும் எழுந்து நின்று இது செட்டப் என்று கத்துவதில்லை. பேசி வைத்தார்களா என்பது ஒரு கேள்வியே இல்லை. ஒழுங்காகப் பேசி வைத்தார்களா என்று பார்க்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைக்கு ஒரு ப்ரீ ஸ்டைல் குஸ்தி கம்பெனி வந்தது. தீபத்துக் கூட்டத்தை நம்பி வந்தவர்கள், வசூல் நன்றாக இருக்கவே பொங்கல் வரைக்கும் தங்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் தகரம் அடைத்து, நடுவில் மேடை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம். வாரமெல்லாம் குதிரை வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக் கொண்டு ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போவார். சிங்கப்பூர்ப் புலி வருகிறது என்பார். அந்தப் புலி எங்கள் கடைக்கு வந்து, "ஒரு மொழம் மல்லி குடுங்கண்ணா, கம்மி பண்ணாத அளங்க" என்று கேட்டபோதே அது ஆற்காட்டைத் தாண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் கடை பூக்கடை. பெரிய கோபுரத்துக்கு எதிரில் அப்பா வைத்திருந்தார். பி.யு.சி.யில் கோட்டை விட்டதிலிருந்து நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கம்பெனியின் ஆட்டங்களைப் பற்றி எனக்குப் பலத்த அபிப்பிராயங்கள் இருந்தன. முதல் வாரமே சிங்கப்பூர்ப் புலியை முகமூடிக்காரனிடம் தோற்க விட்டது சுத்த முட்டாள்தனம். முகமூடி போட்ட ஒருவன் கம்பெனியில் இருந்தால் அவனைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டாமா? இரண்டு வாரமாவது எலும்பும் தோலுமான ஆட்களைப் போட்டு அடித்து ஊரைக் கடுப்பேற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் புலி. நேரம் முடிந்துவிட்டது, சமம் என்று மணியடிப்பது அதைவிட அயோக்கியத்தனம். இலை போட்டு உட்கார வைத்துவிட்டு விளக்கை அணைத்தால் எப்படி இருக்கும்? ஆனால் அவர்களுடைய நடுவரைக் குறை சொல்ல மாட்டேன். முகமூடிக்காரன் இடுப்பிலிருந்து உப்பை எடுத்து எதிராளியின் கண்ணில் தூவும்போது, இவர் தன் ஷூ கயிற்றைக் கட்டிக் கொண்டிருப்பார். அந்தக் குருட்டுத்தனம் ஒரு கலை. மைதானமே கத்தும், அவர் நிதானமாக முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்வார்.

எங்கள் ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை. தை பிறந்தால் எங்கள் சாமியும் அம்மனும் தெருவில் சண்டை போடுகிறார்கள். அந்தத் தெருவுக்கே திருவூடல் தெரு என்றுதான் பெயர். பல்லக்குகள் எதிரும் புதிருமாக நிற்கும், முன்னால் பாயும், பின்னால் போகும், நடுவில் ஒருவர் தூது போவார். அம்மன் கோபித்துக் கொண்டு கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொள்வாள். சாமி தனியாக மலையைச் சுற்றப் போய், வழியில் திருடர்களிடம் நகையைப் பறிகொடுத்து, அப்புறம் சமாதானமாகிறார். வருஷா வருஷம் அதே சண்டை, அதே முடிவு. ஆனாலும் கதவு சாத்துகிற நேரத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக் கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். சண்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்று குஸ்திக் கம்பெனிக்காரர் அங்கே வந்து ஒரு நாள் நின்று பார்த்திருக்கலாம்.

இந்த வாரம் யார் ஜெயிப்பார் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்வேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. "எப்பிட்றா கரெக்டா சொல்ற?" என்று கேட்பார்கள். தோளைப் பார்ப்பேன், கால் வைப்பைப் பார்ப்பேன் என்று அளப்பேன். விஷயம் வேறு. நல்லவர் ஜெயிக்கிற வாரத்தில் கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமையே எங்கள் கடையில் ஒரு மாலைக்குச் சொல்லிவிட்டுப் போவார். முகமூடிக்காரன் ஜெயிக்கிற வாரத்தில் சொல்ல மாட்டார். அவனுக்கு மாலை போட்டால் ஊர்க்காரர்கள் தகரத்தைப் பிரித்து எறிந்துவிடுவார்கள். ஆக, என் குஸ்தி ஞானம் முழுவதும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்தது.

அந்த மாலைகளைக் கட்டியது என் அக்கா. கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆன அக்கா, அந்தக் கார்த்திகையில் பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். செங்கம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பஸ் அவர்கள் தெருமுனையில் நிற்காது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். நிற்கும் என்று மாமா சொல்லியிருக்கிறார். நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் தாலி கட்டியாகிவிட்டது, பந்தி நடக்கிறது. மாமா அங்கேயே எல்லார் முன்னாலும், "முகூர்த்தத்தைச் சீக்கிரம் வெச்சிட்டாங்க, அதான்" என்று சொல்லியிருக்கிறார்.

"பஸ்ஸுக்காக வரலப்பா" என்றாள் அக்கா, அப்பாவிடம். "ரெண்டு வருஷமா இதேதான். எதுல தப்பு பண்ணாலும் அவரு தோக்கவே மாட்டாரு. ஒரே ஒரு தடவ, என் தப்புதான்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே போறேன்."

மாமாவோ, மாமனார் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அரிசி மில்லில் மேஸ்திரி. காலையில் தேகப்பயிற்சிச் சாலையில் கர்லா கட்டை சுற்றுகிறவர். நல்ல மனுஷர், ஆனால் வளையாத மனுஷர். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் நடந்து நடந்து ஓய்ந்து போய், பொங்கல் கழிந்ததும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். தீர்த்துவிடுவது என்றால் அறுத்துவிடுவது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா ராத்திரியில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். எனக்கு அக்காவையும் பிடிக்கும், அவரையும் பிடிக்கும்.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்காரர் உள்ளூர் ஆள் ஒருவரை மேடையேற்ற நினைத்து மாமாவைப் பிடித்தார். இதை மட்டும் நான் பாராட்டுவேன். எந்தக் கம்பெனிக்கும் உள்ளூர் ஆள்தான் பொன் முட்டை. முதல் வாரம் மாமா ஒரு சோப்ளாங்கியைத் தூக்கிப் போட்டார், மாலை விழுந்தது. அடுத்த வாரம் முகமூடிக்காரன் அவர் கண்ணில் உப்பைத் தூவினான், ஊரே கொதித்தது, யாருக்கும் ஜெயமில்லை என்று மணியடித்தார்கள்; அந்த ஒரு தடவை அதை மன்னித்தேன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்று குதிரை வண்டி கத்தியது. அப்படித்தான் கட்ட வேண்டும். என் மனசுக்குள்ளேயே கை தட்டினேன்.

உப்புத் தூவியதை வந்து சொன்னபோது அக்கா பூத்தொடுக்கிற கையை நிறுத்தவில்லை.

"கண்ணு எப்பிடி இருக்குதாம் அவருக்கு?" என்றாள்.

"அது உப்பே இல்லக்கா, அரிசி மாவு. எல்லாம் முன்னாடியே பேசி வெக்கறதுதான். எத்தினி தடவ சொல்லியிருக்கறேன்."

"அப்ப அங்கயும் அவரு தோக்க மாட்டாரு" என்றாள். ஒரு முடிச்சை இழுத்துவிட்டு, "அவரு தோக்கறத ஒரு தடவயாச்சும் கண்ணால பாக்கணும்டா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள்.

சனிக்கிழமைகளில் தேகப்பயிற்சிச் சாலை ஆஞ்சநேயர் படத்துக்குத் துளசி மாலை கொண்டு போவது என் வேலை. எனக்கு வாய் சும்மா இருக்காது. அக்கா சொன்னதை அப்படியே மாமாவிடம் சொன்னேன். அவர் கர்லா கட்டையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துச் சுற்றினார். "ஆட்டத்துக்கு வருதா உங்க அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம் கம்பெனிக்காரர் சொன்னது சாதாரண மாலை இல்லை. ரோஜாவும் சம்பங்கியும் வைத்து, முழங்கால் வரைக்கும் தொங்குகிற ஆளுயர மாலை. அக்கா உட்கார்ந்து அதை முழுவதும் தன் கையால் கட்டினாள். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்தான் ஜெயிக்கப் போகிறார் என்று தெரிந்தால் அவள் ஆட்டத்துக்கே வர மாட்டாள் என்று எனக்குப் பயம். வந்து பார்த்தாலும் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றியது. அவள் கட்டிய மாலையைப் போட்டுக் கொண்டு, அவள் கண்ணெதிரில் இன்னொரு தடவை ஜெயிக்கப் போகிறார் மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நிற்க இடமில்லை. அம்மாவும் அக்காவும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் மாலையோடு மேடை மூலையில், கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். அதனால் அங்கே பேசியது எனக்கு மட்டும் கேட்டது.

ஆட்டம் பிரமாதம். முகமூடிக்காரன் கடித்தான், மிதித்தான், மாவைத் தூவினான், நடுவர் ஷூவைக் கட்டினார். மாமா விழுந்து விழுந்து எழுந்தார். கடைசியில் அவனை இடுப்போடு பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக் கீழே போட்டார். மைதானம் எழுந்துவிட்டது. அவன் மார்மேல் உட்கார்ந்து முகமூடி முடிச்சில் கை வைத்தார். அப்புறம் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பார்த்தவர், முடிச்சிலிருந்து கையை எடுத்தார். மெதுவாகப் பக்கத்தில் சரிந்து மல்லாந்து படுத்துக் கொண்டார். இரண்டு தோளும் தரையில். மூன்று எண்ணும் வரை அப்படிக் கிடந்தால் தோல்வி.

முகமூடிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பல்லுக்குள் பேசினான். "யோவ், இன்னாய்யா பண்ற? எந்திரிய்யா. நீதான்யா ஜெயிக்கணும்."

"மேல வந்து படு" என்றார் மாமா.

வேறு வழியில்லாமல் அவன் இவர் மேல் ஒரு கையை வைத்தான். நடுவர் ஒன்று எண்ணினார். இரண்டு எண்ணுவதற்கு முன்னால் ஷூ கயிற்றைக் கட்டினார், அடுத்த ஷூவையும் கட்டினார். மாமா அசையவில்லை. மூன்று எண்ண வேண்டியதாகிவிட்டது. கம்பெனிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தகரத்தில் சாய்ந்தார்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? இத்தனை வாரமாக அரிசி மாவை உப்பு என்று நம்பிய ஊர், ஆற்காட்டுக்காரரைப் புலி என்று நம்பிய ஊர், அந்த ஒரு விஷயத்தைத்தான் நம்பவில்லை. "விலை போயிட்டான்யா" என்று கூவியது. மண்ணை வாரி இறைத்தார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆளுயர மாலையைத் தூக்கிக் கொண்டு அழுகிறவனைப் பார்த்தால் சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அவரு வேணும்னே தோத்தாரு. உனக்காகத்தான் தோத்தாரு."

"தோக்கணும்னு பேசி வெச்சிருப்பாங்க" என்றாள் அவள், புடவை முனையிலிருந்த மண்ணைத் தட்டிக் கொண்டே. "நீதானேடா சொன்ன, எல்லாமே பேசி வெக்கறதுன்னு."

"இது பேசி வெக்காததுக்கா."

"மத்ததெல்லாம் பொய்யி, இது ஒண்ணு மட்டும் நெசமா? போடா."

முகமூடிக்காரன் சொன்னதைச் சொன்னேன், சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. மூன்று வாரமாக நான் எடுத்த பாடத்தை அவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருந்தாள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. மாலையைக் கொண்டு போய் ஆணியில் மாட்டினேன். அக்கா அதைப் பார்த்தாள்.

"ஏன் திருப்பி எடுத்தாந்துட்ட? ஜெயிச்சவனுக்குப் போடலயா?"

"முகமூடிக்கு எப்பயும் மாலை கெடயாதுக்கா. அவன் ஜெயிக்கற வாரத்துல கம்பெனிக்காரரு மாலைக்கே சொல்ல மாட்டாரு."

அக்கா எழுந்தாள். ஆணியிலிருந்து மாலையை எடுத்து மடியில் போட்டுக் கொண்டு உட்கார்ந்தாள். கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமையே சொல்லி வைத்த, அவள் சனிக்கிழமையெல்லாம் தன் கையாலேயே கட்டிய மாலை. குஞ்சத்திலிருந்து மேலே வரை அதைத் தடவிக் கொண்டே போனாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "நீ மொதல்ல சாப்புடும்மா" என்றாள்.

காலையில் பெட்டியை நான் தூக்கிக் கொண்டேன், மாலையை அவள் வாழையிலையில் சுற்றி எடுத்துக் கொண்டாள். மில்லுக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் மாமா பல் விளக்கிக் கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு அவசரமாக வாய் கொப்பளித்தார். அக்கா மாலையை நீட்டினாள். அவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கால் வழுக்கிடுச்சு" என்றார். "மேடையில தண்ணிய ஊத்தி வெச்சிருந்தானுங்க."

நான் மேடையோரத்திலேயே நின்றவன். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

"ஆமா, நானும் பாத்தேன். ஒரே தண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.