மாமியார் முகத்தில் கவிழ்ந்த கிண்ணம்

சுனூன் நூற்ற நூல் காற்றில் மிதந்தால், சிலந்தி வந்து தன்னுடையதோ என்று முகர்ந்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட கை இப்போது வயிற்றைத் தடவிக்கொண்டு சும்மா கிடந்தது. பிள்ளை வரவேண்டிய நாள் தாண்டி, மழையும் பிடித்துவிட்டது. உள்ளே இருப்பதோ அசைவதைக்கூட நிறுத்திவிட்டது. அதுதான் அவளுக்குப் பயம்.

மருத்துவச்சி தரையைக் குதிகாலால் தட்டினாள். "தொப்புள்கொடி நூத்துக் குடுக்கிறது செத்துக் கீழ கிடக்கிறவங்க வேலை. உன் மாமியா என்னதான் பண்றா? கொடி முடியாம பிள்ளை எதைப் பிடிச்சு இறங்கும்?"

மாமியார் சாக்நிக் இறந்து சில வருஷமாகிறது. ஊர் வழக்கப்படி வீட்டுத் தரைக்குள்ளேயே, படுக்கைக்கு நேர் கீழே, வாயில் பச்சைக்கல் மணியும் கையருகே தக்கிளியுமாகப் புதைந்து கிடந்தாள். உயிரோடு இருந்தபோதும் கூப்பிட்டவுடன் வந்தவளில்லை.

மதியம் சுனூன் கண்ணயர்ந்தாள். தரை தெளிந்த குளமாயிற்று. அடியில் மாமியார் மடிநிறையப் பஞ்சோடு, முகத்தில் கிண்ணம் கவிழ்ந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தக்கிளிய எதுல நிறுத்திச் சுத்துறது? உன் தலையிலயாடி?"

சுனூன் வியர்த்து எழுந்தாள். வழக்கப்படி பிணத்தின் முகத்தை மூடக் கிண்ணம் தேடிய அன்று, மாமியாருக்குப் பிரியமானதாயிற்றே என்று, தக்கிளி முனை ஊன்றிச் சுழலும் கிண்ணத்தையே எடுத்துக் கவிழ்த்தது அவள்தான்.

"எழுப்பினா அம்மா திட்டுவா," என்றான் புருஷன் யாஷ்கின்.

"என்னைத்தான திட்டுவாங்க. நீ தோண்டு."

குங்கிலியம் புகைந்தது. சுனூன் எலும்புகளுக்குச் சிவப்புச் சாதிலிங்கப் பொடி தூவி, கிண்ணத்தை எடுத்துத் தக்கிளியருகே வைத்தாள். முகத்துக்குத் தான் கொக்கோ குடிக்கும் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள்.

"அது நம்ம கல்யாணக் கிண்ணம்ல?"

"மூடாம விடவா? நாம படுக்கிறது உக்கார்றது எல்லாத்தையும் உங்கம்மா பாத்துட்டே இருக்கட்டும்."

யாஷ்கினே அதை வாங்கி அம்மா முகத்தில் கவிழ்த்தான்.

மண்ணைத் தள்ளிச் சுண்ணாம்பு பூசி முடிப்பதற்குள், தரைக்கடியில் வண்டு சுற்றுவதுபோல் ஒரு ரீங்காரம். சுனூனின் வயிற்றுக்குள் யாரோ புரண்டார்கள். இடுப்பு வலித்தது.

பொழுது சாயும்போது பெண் பிறந்தாள். கூடவே கொடியும் வந்தது; வந்துகொண்டே இருந்தது. முழங்கையில் சுற்றிச் சுற்றி மருத்துவச்சிக்குத் தோள் கடுத்தது.

"போதும் சாக்நிக், நிறுத்து," என்றாள் தரையைப் பார்த்து.

ரீங்காரம் ஓய்ந்தது. பிள்ளை வீறிட்டது.