ஏழாவது படி: கிரைண்டர்

கிரிப்டோ நாணயம் பற்றி எங்கள் ராயபுரம் தெருவில் இரண்டே கருத்துதான். ஒன்று, அது மோசடி. இன்னொன்று, எனக்கும் கொஞ்சம் வாங்கிக் கொடு. நான் அதை வாங்குகிறவளும் இல்லை, விற்கிறவளும் இல்லை. அந்த நாணயத்தின் நெட்வொர்க்குக்குப் புது அப்டேட் வரும்போது, வெளியிடலாமா என்று சோதித்துச் சொல்கிறவள். "கூடாது" என்று சொல்லத்தான் சம்பளம். சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

அந்த அப்டேட்டை ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட வைத்திருந்தேன். நான் வாயைத் திறந்தாலே வெளிநாட்டு மேலாளர் பெருமூச்சு விட்டார். இது வெளியானதும் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். வீடே அதற்குத்தான் காத்திருந்தது. கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி யார்டில் வேலை. இருமல் வந்து ஒரு வருஷமாகிறது. நான் நிரந்தரமானால் அவர் அந்த வேலையை விடுவதாகப் பேச்சு.

மூன்றாவது சோதனை ஒரு மத்தியானம். இந்தத் தொழிலில் அப்டேட்டுக்குத் தேதி கிடையாது. நாணயத்தின் வரவு செலவை எல்லாக் கம்ப்யூட்டரும் சேர்ந்து எழுதும் பொதுக் கணக்கில், இத்தனையாவது பக்கம் என்று குறித்திருப்பார்கள். அது வந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரும் புது விதிக்கு மாற வேண்டும். மாறாதது பழைய கணக்கையே தனியாக எழுதிக்கொண்டு போகும். மற்றவர்கள் கரண்டே போகாத வாடகைக் கம்ப்யூட்டர்களில் சோதித்தார்கள். நான் பேட்டரி செத்த என் பழைய லேப்டாப்பில். கணவர் சட்டைக்காக இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றியிருந்தேன். சரியாக அந்தப் பக்கம் வரும்போது மாமியார் கிரைண்டரைப் போட்டார். இரண்டும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போகும். போனது.

ஃபியூஸ் போட்டு லேப்டாப்பை எழுப்பினால், எல்லாம் சுகம் என்று பச்சை காட்டியது. மனசு கேட்காமல் உள்ளே பார்த்தேன். பழைய விதியிலேயே சிரத்தையாக எழுதிக்கொண்டிருந்தது.

"யார் வீட்டிலாவது இப்படி நடக்குமா?" என்றார் மேலாளர், கரண்ட் போன கதையைச் சொன்னதும்.

"கிரைண்டர் போட்டத யாராண்டயும் சொல்லாத மா," என்றார் மாமியார். "சரின்னு எழுதிக் குட்த்துடு. புள்ள இருமிகினே கீறான்."

எழுதியிருக்கலாம். பயமாகவும் இருந்தது. கிரைண்டரையும் சேர்த்து, "கூடாது" என்றே எழுதினேன்.

பத்து நாளில் பிழையைத் திருத்தி அனுப்பினார்கள். ஒயரைப் பிடுங்கிச் சோதித்தால் போதும் என்றேன். அதே சூழ்நிலைதான் வேண்டுமாம். சோதனைத் திட்டத்தில் ஏழாவது படியாக கிரைண்டர் ஏறியது. நாள், புதன்.

"நேத்து தான மாவு ஆட்னேன்? நாளைக்கு ஆட்றேன், இருக்கச் சொல்லு," என்றார் மாமியார்.

சும்மா ஓட்டுங்கள் என்றேன்.

"வெறுங் கல்ல ஓட்டக் கூடாது. வூட்டுக்கு ஆவாது."

சோதனை வியாழனுக்குத் தள்ளியது. மேலாளருக்கு "உள்ளூர்க் காரணம்" என்று எழுதினேன். வியாழனன்று மாவு அரைந்தது, ஃபியூஸ் போனது, லேப்டாப் புது விதியோடு எழுந்தது. அடுத்த வாரம் அப்டேட் வெளியானது. எங்கும் ஒரு பிசகும் இல்லை.

மேலாளர் கடிதம் அனுப்பினார். பிழையைத் திருத்தியவருக்குப் பாராட்டு. எனக்கு, இவ்வளவு சுமுகமாகப் போவதால் நிரந்தரச் சோதனையாளர் இப்போதைக்குத் தேவையில்லை, அடுத்த அப்டேட்டுக்குக் கூப்பிடுகிறோம் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் கணவர் முகம் கழுவிவிட்டு வந்தார். காது மடலில் கரி அப்படியே இருந்தது. சொன்னேன்.

"வுடு. அடுத்தது எப்போ?"

"தேதி கிடையாது."

சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. மறுநாள் காலை இட்லி கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எண்ணூர் பஸ்ஸுக்குப் போனார்.