சத்தமே போடாமல் புதைந்த வண்டி

பித்யா பாலைவன மணலில் வண்டி சிக்கிக்கொண்ட எல்லோருக்கும் கல்ஃபானைத் தெரியும். ஒரு போன் போதும், கயிற்றோடு வந்து நிற்பான். காசை நீட்டினால் முகம் சிவந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை மஜ்லிஸில் ஊரே கூடிக் காப்பி குடிக்கும்போது, சிக்கியவனை அச்சு அசலாக நடித்துக் காட்டாமல் விடமாட்டான். மஸ்கட் அதிகாரி என்றால் மூக்கால் பேசுவான்: “ஹலோ, இங்கே மணல் ரொம்ப மெத்தென்று இருக்கிறதே, யாரிடம் புகார் செய்ய வேண்டும்?” பழைய பிக்கப் என்றால் தொண்டையிலிருந்து கர்ர் கர்ரென்று இருமுவான். சிக்கியவனும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவான்.

துவைனி மட்டும் சிரிக்கவில்லை. போன குளிர்காலத்தில் மனைவியையும் மகளையும் ஏற்றிவந்த அவனுடைய பிக்கப் மணலில் இறங்கிவிட்டது. பதற்றம் வந்தால் துவைனிக்கு நாக்கு திக்கும். அந்த வெள்ளிக்கிழமை கல்ஃபான் எஞ்சினின் இருமலையும் துவைனியின் திக்கலையும் ஒன்றாகக் கலந்தான். “த... த... தள்ளு, த... த... தள்ளு.” ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். எவனோ போனில் பதிவு செய்து அனுப்ப, அது இப்ரா கல்லூரி வரை போய், துவைனியின் மகள் ஷம்சாவின் வகுப்பிலேயே ஓடியது. அதற்குப் பிறகு துவைனி மஜ்லிஸ் பக்கம் வரவேயில்லை.

அந்த ஷம்சாவைத்தான் கல்ஃபானின் மகன் சுலைம் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றான்.

“ஊர்ல வேற பொண்ணே இல்லியாடா?”

“இருக்காங்க வாப்பா. நீங்க நடிச்சுக் காட்டாத அப்பன்தான் ஒருத்தரும் இல்ல.”

கல்ஃபானுக்குக் காது சுட்டது. துவைனி முகத்தை எப்படிப் பார்ப்பது? யோசித்து யோசித்துப் பார்த்தவன், கடைசியில் புது வண்டி ஒன்றை எடுத்தான். பெரிய வண்டியில் போய் இறங்கினால் எல்லோரும் வண்டியைத்தான் பார்ப்பார்கள் என்று ஒரு கணக்கு.

வண்டி என்னவோ பார்க்க வேண்டியதுதான். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. சார்ஜ் இருந்தால் எஞ்சின் உறங்கும், மோட்டார் மட்டும் பூனைபோல இழுத்துக்கொண்டு போகும். மேட்டில் மிதித்தால் இரண்டும் சேர்ந்து முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும். முன் சக்கரங்களைச் சேர்த்துச் சுழலப் பூட்ட ஒரு பொத்தான், பின் சக்கரங்களுக்கு ஒன்று, மணலுக்கென்று ஒன்று. வண்டிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்றுகூடத் திரையில் தெரியும். போதாததற்கு அது பேசவும் செய்யும், செய்தி வாசிப்பவரின் சுத்தமான இலக்கண மொழியில்.

பெண் கேட்கப் புறப்பட்ட அன்று பின் இருக்கையில் கல்ஃபானின் அண்ணன் ஹமூத் துள்ளினார். “டேய், எவன்டா என் முதுகைப் பிடிக்கிறான்?”

“சீட்டுண்ணே அது. மசாஜ் பண்ணுது.”

“அப்ப இதையே கட்டிக்கடா சுலைம். பொண்ணு வீட்டுக்கு எதுக்குப் போகணும்?”

துவைனியின் கூடாரம் பெரிய மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். கெட்டித் தடத்தில் சுற்றிக்கொண்டும் போகலாம். கல்ஃபான் மேட்டுக்கு நேராகத் திருப்பினான்.

“காத்த இறக்கலியா வாப்பா?” என்றான் சுலைம்.

மணலில் இறங்குமுன் சக்கரத்தில் காற்றைக் குறைக்க வேண்டும். அங்கே நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட அது தெரியும். “அதெல்லாம் பழைய டப்பாவுக்குடா,” என்றான் கல்ஃபான்.

வண்டி வாய் திறந்தது. “மதிப்பிற்குரிய ஓட்டுநரே, சக்கரங்களில் காற்றழுத்தம் மிகுதியாக உள்ளது.”

“மதிப்பிற்குரிய வண்டியே, வாயை மூடுவீராக,” என்று அதே குரலில் சொல்லிவிட்டு, திரையில் மின்னிய மஞ்சள் எழுத்தை விரலால் தள்ளிவிட்டான்.

இத்தனை வருடமும் அவன் மணலில் காதால் ஓட்டியவன். எஞ்சின் குரல் கம்மினால் மிதிப்பான், கதறினால் காலை எடுத்துவிடுவான். இந்த வண்டி கம்மவும் இல்லை, கதறவும் இல்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே அது மெல்ல நின்றது. இன்னும் பலம் பாக்கியிருக்கிறது என்று நினைத்து அவன் மிதித்தான். சக்கரங்கள் சத்தமே போடாமல் சுழன்று தமக்குத் தாமே குழி பறித்தன. ‘கர்’ என்று ஒரு எச்சரிக்கைகூட இல்லை. கனத்த பேட்டரியோடு வண்டி வயிறு மணலில் அமர்ந்தது. வயிற்றடியில் மணல் ஏறி நிற்பதைத் திரை பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது.

“நல்ல படம்டா, தெளிவா தெரியுது,” என்றார் ஹமூத்.

மேட்டுக்கு மேலே வெள்ளை உடுப்பில் ஒரு ஆள் வந்து நின்றான். துவைனி. அவன் நிதானமாக இறங்கி வந்தான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு, சுலைமின் வாப்பா என்று மரியாதையாக அழைத்து, முறைப்படி கேட்டான். “என்ன சேதி, அபூ சுலைம்?”

எவனைச் சந்தித்தாலும் முதலில் சேதி கேட்பது அங்கே வழக்கம். வீடே பற்றி எரிந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும், காப்பி குடித்த பிறகுதான் உள்ளதைச் சொல்லலாம்.

“நல்ல சேதிதான். ஒண்ணுமில்ல,” என்றான் கல்ஃபான், வயிறுவரை புதைந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

“எங்க பக்கமும் ஒண்ணுமில்ல.”

போன குளிர்காலத்தில் தான் இந்த மரியாதையைச் செய்யவில்லை என்பது அப்போதுதான் கல்ஃபானுக்கு உறைத்தது. அன்று கயிற்றோடு போய் இறங்கியதும் துவைனியிடம் சேதி கேட்கவில்லை. மனைவி, மகள் பார்க்க, வண்டியைப் பார்த்துத்தான் சிரித்தான்.

துவைனி குனிந்து முன் சக்கரத்தில் காற்றை இறக்கத் தொடங்கினான். கல்ஃபான் மறுபக்கம் மண்டியிட்டான். உஸ்ஸென்ற சத்தத்துக்கு நடுவில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சுலைம் மணலை வாரித் தள்ளினான்.

“ரெண்டு பூட்டையும் போடு. கா... காலை மெதுவா வை,” என்றான் துவைனி.

கல்ஃபானின் உதடு தானாகக் குவிந்தது. அந்தத் திக்கலைப் பிடித்து வைத்துக்கொள்ள நாக்கு உள்ளே தயாராகிவிட்டது. அவன் பல்லைக் கடித்தான். இந்த நேரத்திலுமா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வண்டி குலுங்காமல், படுத்திருந்த ஒட்டகம் எழுவதுபோல எழுந்து மேடேறியது. கயிறே தேவைப்படவில்லை. அத்தனை நல்ல வண்டி.

கூடாரத்தில் பேரீச்சம்பழம் வந்தது, காப்பி வந்தது. துவைனி மறுபடி கேட்டான். “இப்ப சொல்லு. என்ன சேதி?”

“வண்டி புதைஞ்சுது. காத்து இறக்கல.”

“அத நா... நான் பாத்தேன். வேற?”

தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. ஷம்சா அங்கேதான் இருக்கிறாள். “வேற ஒண்ணுமில்ல,” என்றான் கல்ஃபான்.

ஹமூத் தொண்டையைச் செருமிக்கொண்டு பெண்ணைக் கேட்டார். துவைனி கேட்டுக்கொண்டான், தலையாட்டினான், பதில் சொல்லவில்லை. வழியனுப்ப வண்டிவரை வந்தான். அங்கே கல்ஃபான் அவன் கையைப் பிடித்தான்.

“துவைனி, போன குளிர்காலம் நான்...”

“இங்க சொல்லாத. எங்க சொன்னியோ, அ... அங்க சொல்லு. பொண்ணுக்கு அது காதுல விழட்டும். அப்புறம் பதில் சொல்றேன்.”

வெள்ளிக்கிழமை மஜ்லிஸில் கல்ஃபான் எழுந்து நின்றதும் எல்லோரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். “நான் துவைனிக்குப் பண்ணது தப்பு. அவன் பொண்ணு முன்னாடி அவனைக் கேவலப்படுத்தினேன்,” என்றான்.

கொல்லென்று சிரித்தார்கள்.

“அடடா, அழுகுரல் என்னமா வருது!”

“யாரைப் பண்றே கல்ஃபான்? தெரிஞ்ச குரலாவே இல்லியே!”

“யாரையும் பண்ணல. இது நான்தான்.”

அதற்கும் சிரித்தார்கள். அவன் உட்காரவில்லை. சொன்னதையே திரும்பச் சொன்னான், தரையைப் பார்த்தபடி, சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கும் வரை. சுலைம் போனை உயர்த்திப் பதிவு செய்துகொண்டிருந்தான். இந்தத் தடவை கல்ஃபானே செய்யச் சொல்லியிருந்தான்.

அடுத்த வாரம் துவைனி மஜ்லிஸுக்கு வந்தான். பெண் சம்மதம் என்று ஹமூத்திடம் சொன்னான். எல்லோரும் கல்ஃபானைத் தட்டிக்கொடுத்தார்கள். அவன் கூஜாவை எடுத்துத் துவைனிக்குக் காப்பி ஊற்றினான். கிண்ணத்தைத்தான் பார்க்க முடிந்தது, முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.