முருகம்மாள் சுற்றிய நூல்

எம். புதுப்பட்டி சங்கரபாண்டியனுக்கு வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் 2003 தீபாவளி சீசனில் பட்டாசு மருந்து தீப்பற்றியபோது போயின. மூன்று விரல்காரனைப் பட்டாசு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? சிவகாசியில் மணிகண்டராஜ் நடத்திய அச்சகத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

மணிகண்டராஜுக்குக் கடல்மீன் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை என்றால் தூத்துக்குடிக் கரையில்தான் நிற்பார். கப்பல்காரர்களிடம் வாங்கிய பழைய ஃபைபர் தூண்டில் கம்புகள் நான்கு அவரிடம் இருந்தன. உப்புத் தண்ணீர் பட்டு, தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்கள் துருவேறி, வார்னிஷ் உரிந்து, குடோன் மூலையில் கிடந்தன. தூக்கிப் போடச் சொன்னவரிடம், சரிபண்ணிப் பார்க்கட்டுமா என்று கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார் சங்கரபாண்டியன்.

துருவைச் சுரண்டுவதும் வார்னிஷ் அடிப்பதும் அவரால் ஆயின. வளையத்தின் காலைக் கம்போடு சேர்த்து நூலால் நெருக்கிச் சுற்றுவதுதான் மூன்று விரலுக்கு அடங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மனைவி முருகம்மாள், "இங்கன குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். பதினாறு வருஷமாகப் பட்டாசு ஆலையில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவள். நூல்கண்டைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு நான்கு கம்பையும் கட்டி முடித்தாள். இது மிஷின் கட்டா என்று மணிகண்டராஜ் கேட்டதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த பெருமையை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

2006 ஆடியில் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. பேப்பரில் நாலு வரி வந்தது. பெயரைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள், பாவிகள்.

அவள் போனபிறகு, கேட்டில் சும்மா இருக்கிற நேரமெல்லாம் சங்கரபாண்டியன் மூன்று விரலால் நூல் சுற்றிப் பழகினார். வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

அடுத்த வருஷம் கம்புகள் ஒடிய ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் வளையத்தின் கால் பக்கத்தில், கட்டுக்கு அடியிலேயே ஒடிந்திருந்தன. மூன்றாவதைப் பிரித்துப் பார்த்தபோது அவருக்கு விளங்கிவிட்டது. அணுகுண்டுக்கு இறுக்கினால்தான் சத்தம். ஒரு சுற்று தளர்ந்தாலும் ஃபோர்மேன் வாயில் விழ வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் கம்பையும் குண்டு மாதிரியே இறுக்கிவிட்டாள். வளையக் கால் அமுங்கி ஃபைபரைத் தின்றிருக்கிறது.

நாலாவது கம்பு இன்னும் ஒடியவில்லை. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் அவள் கட்டிய நூலையெல்லாம் அறுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். ஒடிந்த மூன்றும் குப்பைக்குப் போயாயிற்று; இதையும் அறுத்துவிட்டால் அவள் கைவேலை என்று உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது. பதினாறு வருஷம் சுற்றியதெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி வெடித்துப்போன சாமான். கம்பை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். மணிகண்டராஜ் கம்பை வாங்கிக் கட்டைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, அதை அப்பிடியே விட்ருங்க. நான் ஆபீஸ் சுவத்துல மாட்டி வச்சிக்கிறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். சங்கரபாண்டியனும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தார்; வந்த வார்த்தை வேறு.

"மாட்டி வைக்கிறதுக்கு அவ சுத்தல, மொதலாளி. மீன் பிடிக்கத்தான் சுத்துனா."

பித்தளைத் தகட்டைத் தீட்டி எடுத்துக்கொண்டார். இரும்புக் கத்தி வீட்டில் இருந்தது. ஆனால் இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று மருந்தோடு கிடந்த கை இரும்பைத் தேடாது, பித்தளை கம்பைக் கீறவும் செய்யாது. ஐந்து வளையத்தின் கட்டையும் அறுத்தார். வார்னிஷில் ஊறிய நூல் ஓடு ஓடாகக் கழன்று விழுந்தது. அதன் அடியில், பழைய பூச்சின்மேல், அவள் இழுத்த ஒவ்வொரு சுற்றும் கோடு கோடாகப் பதிந்திருந்தது. தேய்ப்பதற்கு உப்புத்தாளை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். நூல்கண்டைக் கால் பெருவிரலில் மாட்டி, அந்தக் கோடுகளின் மேலேயே சுற்ற ஆரம்பித்தார். பாதியில் கை தன்னால் இறுகியது. அறுத்துவிட்டு மறுபடி சுற்றினார். அதுவும் இறுகிப்போனது. மூன்றாவது தடவை, "கொஞ்சம் தளத்தியே சுத்துறேன், முருகம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சுற்றினார்.

வார்னிஷ் காய்ந்து, அடுத்த ஞாயிறு கம்பு கடலுக்குப் போனது. திங்கட்கிழமை காலையில் மணிகண்டராஜ் காரிலிருந்து அதை எடுத்து நீட்டினார். பெரிய பாரை மீன், அரைமணி நேரம் இழுத்தது என்றார்.

"ஒடியலையில்ல, மொதலாளி?"

"ஒடியலண்ணே."

சங்கரபாண்டியன் கம்பை வாங்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனார். உப்புப் போக நல்ல தண்ணீரில் வளையம் வளையமாகக் கழுவினார். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது.