நான் சொல்லாத பெயர்

என் கணவரைப் பைத்தியக்கார வார்டில் சேர்த்த அன்று அவர் வாயே திறக்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் கேட் காத்தவர். மறதி முற்றி, வராத ரயிலுக்கெல்லாம் கேட்டை மூடி மாட்டுவண்டிகளை நிறுத்திவைத்தார். வேலை போயிற்று. ஒருநாள் உடுத்தியிருந்த வேட்டியையே அவிழ்த்து அடுப்பில் போட்டார். அதற்குமேல் தனி ஆளாக என்னால் முடியவில்லை. இந்த நோய்க்கென்று கோலாலம்பூரில் தனி இடம் ஏது? கத்துகிறவர், அடிக்கிறவர், மறந்தவர் எல்லாருக்கும் ஒரே கம்பிக் கதவுதான்.

"ஆளு பேரு என்னம்மா?" என்றார் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி கிராணி.

கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்வதா? "பத்துமலைச் சாமி பேருதாங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தச் சாமிக்கு என்ன ஒரு பெயரா, இரண்டு பெயரா! கிராணி தமக்குத் தோன்றியதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். நானும் பெரிய பத்தினி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆண்கள் வார்டுக்குள் பெண்களை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வராந்தாவுக்குக் கூட்டிவருவார்கள். ரசஞ்சோறு பிசைந்து ஊட்டுவேன். சாப்பிடுவார், என்னைப் பார்க்கமாட்டார். வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவும்போது எரிச்சலாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

மூன்றாவது மாதம், வார்டில் மருந்து கொடுக்கும் டிரஸர் என்னிடம் வந்தார். "பேரு சொல்லிக் கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டேங்கிறாரு அக்கா. இனிமே தேறாதுன்னு வெள்ளக்கார டாக்டர் துரை வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறாரு" என்றார்.

அது ரயிலில் ஒரு பகல் தூரம். அங்கே போய்விட்டால் எனக்கு அவரைப் பார்க்க வழியில்லை.

"என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

சொன்னார். சாமி பெயர்தான். ஆனால் என் வீட்டுக்காரர் பெயர் இல்லை.

தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று மாதமாக வேறு யாரையோ கூப்பிட்டுவிட்டு, இவர் திரும்பவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன? என் வெட்கம்தான் அவரை அந்தக் கம்பிக்குள் ஊமையாக்கிவிட்டது.

துரையை வரச்சொல்லி டிரஸரைக் கெஞ்சினேன். வந்தார். வராந்தாவில் எல்லார் முன்னாலும் நின்று, கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவை கத்தியே கூப்பிட்டேன்.

வெடுக்கென்று திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். துரை டிரஸரிடம் ஏதோ சொல்லிவிட்டு, கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இங்கயே இருக்கட்டுமாம்க்கா" என்றார் டிரஸர்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"யாருங்க நீங்க?" என்று கேட்டார். "எம் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தச் சீமையில் மற்ற எல்லாருக்கும் நான் ரயில் கேட்காரர் சம்சாரம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். என் பெயரை அவரிடம் சொன்னேன்.

"நல்ல பேருங்க" என்றார்.