மரண அறிவித்தல் எழுத்து

மன்னார் நகரில் நான் வேலை செய்யும் அச்சகத்தின் கணினியில் எத்தனையோ எழுத்துருக்கள் கிடக்கின்றன. எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அதன் நிமிர்ந்த கோடு தடிப்பாக இருக்கும், வளைவில் மயிரிழையாக மெலியும், முடியுமிடத்தில் சின்னதாய் ஒரு பாதம் ஊன்றி நிற்கும். பழைய ஈய அச்சின் வழியில் வந்த எழுத்து. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவளும் பல்கலைக்கழகம் போனவளும் நான். அங்கே நான் படித்த தடித்த புத்தகங்கள் எல்லாம் இந்த எழுத்தில்தான் இருந்தன. எவ்வளவு வாசித்தாலும் கண் களைக்காது.

ஆனால் எங்கள் கரையில் அதற்கு ஒரே வேலைதான்: மரண அறிவித்தல். விளக்குக் கம்பத்தில் தூரத்தில் கண்டாலே சைக்கிளில் போகிறவர் இறங்கிவிடுவார், யாரென்று பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். வாசிக்கத் தெரியாத என் அம்மாவுக்கும் அது விளங்கும். சாவெழுத்து என்பார்.

இந்த முறை வாடைக் காற்றுக் காலத்தில், மீன்பிடிக்கப் போன அண்ணனும் அவருடைய படகும் கரைக்கு வரவில்லை. கடற்படை தேடியது, மீனவர் சங்கத்துப் படகுகளும் தேடின. அண்ணனின் படம், படகின் நிறம், எங்கள் போன் நம்பர் எல்லாம் போட்டு 'காணவில்லை' நோட்டீசை நானே செய்தேன். அந்த எழுத்து வேண்டாம் என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டதால், பாதமில்லாத, ஒரே தடிப்பான எழுத்தில் அடித்து ஒட்டினேன். பார்க்க டியூசன் விளம்பரம் மாதிரி இருந்தது. பேசாலையில் ஐஸ் கம்பனிச் சுவரில் ஒருவர் அண்ணனின் முகத்தில் முதுகைச் சாய்த்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்.

நேரே அச்சகத்துக்குத் திரும்பி, அதே சொற்களைச் சாவெழுத்தில் போட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, சனம் என்ன நினைக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். சனம் நின்று வாசித்தால் எனக்குப் போதும்.

அன்றே ஒட்டினேன். நின்றார்கள். ஆனால் பலர் படத்தையும் எழுத்தையும் கண்டதோடு சரி, 'காணவில்லை' என்ற சொல் வரைக்கும் போகவில்லை. மறுநாள் மத்தியானம் அயல் பெண்கள் சோறும் பருப்பும் சமைத்து எடுத்துக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயல்தான் சாப்பாடு கொடுக்கும்.

அம்மா படலையைத் திறக்கவில்லை.

"ஆர் செத்தது? என்ர அடுப்பு எரியுது. அங்க புகையைப் பாருங்கோ."

அவர்கள் சட்டிகளோடு திரும்பிப் போனார்கள். அம்மா என் பக்கம் திரும்பினார். "படிச்ச பிள்ளை நீ. கொண்ணனை நீயே குழியில தாட்டுப்போட்டாய்."

அன்று பின்னேரம் வங்காலையிலிருந்து ஒரு மீனவர் எங்களுக்குப் போன் எடுத்தார். தெரிந்தவர் யாரும் செத்துவிட்டாரோ என்று பார்க்கத்தான் நோட்டீசடியில் நின்றாராம். படகின் நிறத்தை வாசித்ததும் ஞாபகம் வந்ததாம். இயந்திரம் நின்றுபோன அப்படியொரு படகு இந்தியப் பக்கமாக இழுபட்டுப் போனதையும், அதில் ஒரு ஆள் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றி வீசிக்காட்டியதையும் அவர் கண்டிருக்கிறார். காற்றில் கிட்டப் போக முடியவில்லையாம்.

அம்மா போனை வாங்கி எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவைத்தார். சங்கத் தலைவர் அக்கரைக்கு அறிவித்திருக்கிறார். அண்ணன் இன்னும் வரவில்லை.

"ராமேஸ்வரத்திலயும் ஒட்ட ஏலுமோ?" என்று அம்மா கேட்டார்.

எந்த எழுத்தில் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நிண்டு வாசிக்கிற எழுத்தில."

அக்கரையில் அந்த எழுத்தை எதற்குப் பாவிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.